வீட்ல பண்ண கேசட் ஆல்பம்: இரைச்சல எடுக்கணுமா, விடணுமா?

பழுப்புநாடா

ரொம்ப நாளா மனச அரிச்சிட்டிருக்கிற விஷயம், இன்னிக்கு எழுதிடறேன். நாங்க மூணு பேரு. ரெண்டு கேசட் டெக், ஒரு பழைய அனலாக் சிந்த் (சிந்தசைசர்), ஒரு டிரம் மெஷின், ஒரு ஷார்ட்வேவ் ரேடியோ, அவ்ளோதான் பேண்ட். ஒரு வருஷம் ராத்திரி ராத்திரியா உக்காந்து ஒரு சி-60, அதாவது ரெண்டு பக்கமும் சேத்து 60 நிமிஷ கேசட், நிறைய சத்தம் சேத்தோம். மெட்டு கிடையாது, பாட்டு வரி கிடையாது, ரேடியோல ஸ்டேஷனுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவுல வர்ற கூச்சலும் சிந்தோட முனகலும்தான். 30 காப்பி எடுத்தோம். ஹைஸ்பீட் டப்பிங் போட்டா மேல் சத்தம் (ட்ரெபிள்) மங்குதுன்னு ஒவ்வொண்ணையும் முழுசா ஓடவிட்டுத்தான் எடுத்தோம், அப்ப 30 காப்பிக்கு 30 மணி நேரம், கணக்கு போட்டுக்கோங்க. அட்டைய ஜெராக்ஸ் போட்டு கத்திரிக்கோலால வெட்டி மடிச்சோம். விக்கறதுக்குன்னு பண்ணல, கேட்டவங்களுக்கு தபால்ல போச்சு, பதிலுக்கு அவங்க வீட்ல பண்ண கேசட் எங்களுக்கு வந்துச்சு.

எல்லா காப்பிக்கும் மூலமான மாஸ்டர் கேசட் இப்ப என்கிட்ட இருக்கு. டிஜிட்டலா மாத்தி வெளியிடலாம்னு பேச்சு. சிந்த் வாசிச்சவன் ஒரு தடவ கம்ப்யூட்டர்ல ஏத்தி, இரைச்சல எடுக்கிற சாஃப்ட்வேர் போட்டு, சுத்தம் பண்ணி எனக்கு அனுப்பினான். கேட்டேன். இரைச்சலே இல்ல. ஆனா எதுவோ ஒண்ணு போயிடுச்சு, குறிப்பா பி பக்கத்து மூணாவது பீஸ்ல. என்னன்னு எனக்கே சொல்லத் தெரியல, அதனால அவன்கிட்ட வாதாடவும் முடியல. மூணாவது ஆளு "நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணுங்க"ன்னு ஒதுங்கிட்டான். நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?

இரைச்சல்காதலி

தொடாதீங்க. கெஞ்சி கேக்கறேன், தொடாதீங்க. அந்த உஸ்ஸ்ன்னு வர்ற சத்தம் குப்பை கிடையாது, அது நீங்க வாசிச்ச அஞ்சாவது கருவி. பெர்லின்ல கான்ராட் ஷ்னிட்ஸ்லர்னு ஒருத்தர், டேஞ்சரின் டிரீம் பேண்ட்ல ஆரம்பத்துல இருந்தவர், ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனி கேசட்ல பதிஞ்சு வெச்சுக்கிட்டு, நிறைய பிளேயர ஒண்ணா ஓடவிட்டு கேசட் கச்சேரியே பண்ணினாரு. அவர் வராம வேற ஆள் அவரோட கேசட்டுகள வெச்சு நடத்தின கச்சேரியும் உண்டு. அங்க கேசட்டுதான் வாத்தியம். அதே ஊர் பேண்ட் ஐன்ஸ்டுர்சென்டே நோய்பாவ்ட்டென் 1980ல ஒரு மோட்டார்வே பாலத்துக்கு உள்ள இருக்கிற காலியான இடத்துல புகுந்து இரும்ப அடிச்சு பதிவு பண்ணி கேசட்டா விட்டாங்க. அத சுத்தம் பண்றேன்னு உக்காந்தா பாலமே போயிடும்ல?

சைன்வேவ்

மன்னிக்கணும் தோழி, நான் இதுல முழுசா ஒத்துப்போகல. பாலத்தோட எதிரொலி வேற, டேப்போட உஸ் வேற. எதிரொலிய அவங்க தேடிப் போனாங்க. உஸ்ஸ யாரும் தேடிப் போகல, கையில காசு இல்லாததால வந்து ஒட்டிக்கிச்சு. 1979ல டாஸ்காம் போர்ட்டாஸ்டுடியோ 144ங்கிற கேசட் ரெக்கார்டர் வந்தப்ப ஏன் அத்தன பேரு அது மேல விழுந்தாங்க? நாலு டிராக் கிடைச்சதும் காரணம், சாதாரண கேசட்ட விட ரெண்டு மடங்கு வேகத்துல ஓடினதும் காரணம். வேகம் கூடினா இரைச்சல் கம்மி, மேல் சத்தம் தெளிவு. வீட்ல உக்காந்து பதிவு பண்ணவங்க எல்லாம் தெளிவுக்கு ஏங்கினவங்கதான். அவங்ககிட்ட போய் "உங்க வறுமைதான் அழகு"ன்னு சொல்றது எனக்கு சரியா படல.

பழுப்புநாடா, ஒண்ணு கேக்கறேன், உண்மையா சொல்லுங்க. அன்னிக்கு உங்களுக்கு அந்த இரைச்சல் புடிச்சிருந்துச்சா?

பழுப்புநாடா

நல்ல கேள்வி. உண்மைய சொன்னா, ஆரம்பத்துல புடிக்கல. ரெண்டு டெக்குக்கும் நடுவுல மாத்தி மாத்தி பதிவோம், முதல் டெக்ல வாசிச்சத ரெண்டாவதுக்கு அனுப்பும்போது கூடவே இன்னொண்ணு வாசிப்போம், மறுபடி அங்கேருந்து இங்க. நாலாவது தடவ போகும்போது டிரம் மெஷினோட ஹைஹாட் (தாளத்தட்டு சத்தம்) எல்லாம் மணல் மாதிரி ஆயிடும். முதல்ல அதுக்காக சண்டையே போட்டுக்கிட்டோம். அப்புறம் என்னாச்சுன்னா அந்த மணல நம்பியே வாசிக்க ஆரம்பிச்சோம். எது முதல்ல பதியணும், எது கடைசில பதியணும்ங்கிறதே அதுலதான் முடிவாச்சு. தூரத்துல கேக்கணும்னா முதல்ல பதி, காதுகிட்ட கேக்கணும்னா கடைசில பதி. எங்ககிட்ட எதிரொலி சேக்கற ரிவெர்ப் பெட்டி இல்ல, தேய்மானம்தான் எங்களுக்கு தூரம்.

இன்னொரு வேலையும் பண்ணோம், அழிக்கிற ஹெட்டு மேல சின்னதா அலுமினியத்தாள ஒட்டிட்டு பதிவு பண்றது. பழசு முழுசா அழியாது, மங்கலா அடியில நிக்கும், அதுமேல புதுசு உக்காரும்.

ஹெட்கிளீனர்

தம்பி, எல்லாரும் தத்துவத்துக்கு போயிட்டீங்க, நான் கீழ இறங்கி ஸ்குரூ டிரைவர்கிட்ட வர்றேன். முப்பது வருஷமா டெக் ரிப்பேர் பண்றவன் சொல்றேன்னு கேளுங்க. உங்க நண்பர் ஏத்தினது சரியான பதிவான்னே தெரியாம அத சுத்தம் பண்ணலாமா வேணாமான்னு பேசறது வீண்.

கேசட்டுல டேப்போட அகலமே 3.81 மில்லிமீட்டர்தான். அதுல ரெண்டு பக்கம், ஒரு பக்கத்துக்கு இடது வலதுன்னு மொத்தம் நாலு பட்டை. ஓடற வேகம் செகண்டுக்கு 4.76 சென்டிமீட்டர். இவ்ளோ குறுகலா, இவ்ளோ மெதுவா ஓடறதுல ஹெட்டு ஒரு துளி சாஞ்சாலும் மேல் சத்தம் மொத்தமா படுத்துடும். இந்த சாய்வத்தான் அசிமத்னு சொல்வோம். உங்க மாஸ்டர் பதிஞ்ச டெக்கோட சாய்வு ஒண்ணு, இப்ப ஓடவிடற டெக்கோட சாய்வு வேற. ரெண்டும் பொருந்தாம ஏத்தினா நிஜமான மேல் சத்தம் போயிடும், உஸ் மட்டும் அப்படியே நிக்கும், ஏன்னா அந்த உஸ்ஸுக்கு சாய்வ பத்தி கவல கிடையாது. அப்ப சாஃப்ட்வேருக்கு என்ன தெரியும்? மேல இருக்கிறது எல்லாமே குப்பைன்னு நெனச்சு வாரிக் கொட்டிடும்.

பண்ண வேண்டியது இதுதான். முதல்ல ஹெட்டு, டேப்ப இழுக்கற கம்பியான கேப்ஸ்டன், ரப்பர் ரோலர் மூணையும் சுத்தம் பண்ணுங்க. ஹெட்டுக்கும் கேப்ஸ்டனுக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் பஞ்சுல தொட்டு, ரப்பருக்கு அது அதிகம் வேண்டாம். அப்புறம் கேசட்ட போட்டு, சத்தத்த மோனோல (இடது வலது ஒண்ணா சேத்து) வெச்சு ஹெட்போன் மாட்டிக்குங்க. ஹெட்டுக்கு ரெண்டு பக்கமும் ஸ்குரூ இருக்கும், ஒரு பக்கம் ஸ்பிரிங் மேல உக்காந்திருக்கும், அதுதான் நமக்கு வேணும். கால் சுத்துக்கும் கம்மியா, மூச்சப் புடிச்சுக்கிட்டு திருப்புங்க. ஒரு இடத்துல திரைய விலக்கின மாதிரி திறக்கும், அத தாண்டினா மறுபடி மூடிக்கும். திறந்த இடத்துல நிறுத்துங்க. இருபுறமும் தனித்தனியா பண்ணணும், ஏ பக்கத்துக்கு சரியா இருந்தா பி பக்கத்துக்கும் சரியா இருக்கும்னு எந்த உத்தரவாதமும் கிடையாது.

டால்பி, அதான் டெக்ல இரைச்சல குறைக்கிற வசதி, போட்டு பதிஞ்சீங்களா? போடலன்னா இப்பவும் போடக்கூடாது, மேல் சத்தத்த அதுவே அமுக்கிடும். டேப்பு சாதா ஃபெர்ரிக்கா குரோமான்னு பாருங்க, சாதா டேப்புக்கான 120 மைக்ரோசெகண்ட் ஈக்யூல (டெக்கோட மேல் சத்த அமைப்பு அது) பதிஞ்சத குரோமுக்கான 70ல ஓடவிட்டா மந்தமா கேக்கும். அப்புறம் ஏத்துங்க, 24 பிட்ல. ஏத்தினத அப்படியே ஒரு இடத்துல பூட்டி வெச்சிட்டு, வேற காப்பில என்ன வேணும்னாலும் செஞ்சு பாருங்க.

நாலுட்ராக்

ஹெட்கிளீனர் அண்ணன் சொன்னதுல ஒண்ணு சேத்துக்கறேன், கரண்ட்லேருந்து வர்ற ரீங்காரத்த, அந்த ஹம்ம, அழிச்சிடாதீங்க. 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல பதிஞ்சிருந்தா அந்த ஹம் டேப்லயும் பதிஞ்சிருக்கும். இப்ப ஓடவிடும்போது அது 51ல தெரிஞ்சா உங்க டெக்கு ரெண்டு சதவீதம் வேகமா ஓடுதுன்னு அர்த்தம். வேகத்த சரி பண்ண அத விட நல்ல அளவுகோல் கிடையாது. பதிஞ்சவங்க தெரியாம விட்டுட்டுப் போன கடிகாரம் அது.

அப்புறம் எனக்கு வேற ஒரு சந்தேகம். மாஸ்டர் மாஸ்டர்னு சொல்றோம், ஆனா அந்த 30 பேரு கேட்டது மாஸ்டர் இல்லயே? அவங்க கேட்டது இன்னும் ஒரு தலமுற தள்ளி எடுத்த காப்பி. அப்ப எது ஆல்பம்? அமெரிக்கப் பாடகர் டேனியல் ஜான்ஸ்டன் கத கேட்டிருப்பீங்க, அவர் எலக்ட்ரானிக் இசை ஆள் இல்லதான், ஆனா ஆரம்பத்துல காப்பி எடுக்க வசதி இல்லாம, ஒவ்வொருத்தருக்கும் கேசட் குடுக்க அதே பாட்டுகள மறுபடி உக்காந்து பாடி பதிஞ்சு குடுத்தாரு. அதுல எத மாஸ்டர்ம்பீங்க? கேசட்டுல மட்டும்தான் இந்த மாதிரி நடக்கும், கேக்கறவங்க ஒவ்வொருத்தர் கையிலயும் கொஞ்சம் வேற ஆல்பம் இருக்கும்.

இரைச்சல்காதலி

இத அருமையா சொன்னீங்க. டோக்கியோல மசாமி அகிதா, மெர்ஸ்பவ்ங்கிற பேர்ல 1979லேருந்து பண்ணவர், ஆரம்ப கால கேசட்ட எல்லாம் தானே எடுத்து, ஜெராக்ஸ் எடுத்த ஒட்டுப்படம் சேத்து, தபால்லதான் பரிமாறினாரு. தபால் வழியா படம் அனுப்பிக்கிட்ட கலைஞர்கள் கூட்டம் ஒண்ணு ஏற்கெனவே இருந்துச்சு, அந்தப் பாதையிலேயே சத்தமும் போச்சு. ஸ்பெயின்ல எஸ்ப்ளென்டோர் ஜியோமெட்ரிகோங்கிற பேண்டோட முதல் கேசட் 1981ல வந்தது ஜெர்மனிக்காரங்க லேபிள்ல. பெரிய கம்பெனி எதுவும் நடுவுல இல்லாமலே நாடு விட்டு நாடு போயிருக்கு. பழுப்புநாடா சொன்ன "பதிலுக்கு அவங்க கேசட் வந்துச்சு"ங்கிற ஒரு வரிய படிச்சப்பவே எனக்கு தொண்ட அடைச்சுது. 

சைன்வேவ்

தேய்மானத்த தூரமா வெச்சோம்னு பழுப்புநாடா சொன்னது என்னை யோசிக்க வெச்சிடுச்சு. அது தேர்ந்தெடுத்து பண்ணது, அத நான் ஒத்துக்கறேன். ஆனா அதுக்காக எல்லா உஸ்ஸும் தேர்ந்தெடுத்ததுன்னு ஆயிடாது. கேபரே வால்டேர்ங்கிற இங்கிலாந்து பேண்ட எடுத்துக்கோங்க, ஷெஃபீல்டுல அதுல ஒருத்தரான கிறிஸ் வாட்சன் வீட்டு பரண்ல 70கள்ல பதிஞ்சதுல ஒரு பகுதி 1980ல இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ் வழியா கேசட்டா வந்துச்சு. அதே கிறிஸ் வாட்சன் அப்புறம் காட்டு உயிர்களோட சத்தத்த பதிவு பண்றதுல உலகத்துலேயே பெரிய ஆளா ஆனாரு. பரண்ல டேப்ப வெட்டி ஒட்டின அதே காது, பின்னாடி ஒரு பறவை றெக்கையோட நுணுக்கத்த தேடிப் போச்சு. அதனால கேசட் ஆளுங்கன்னா தெளிவுக்கு எதிரின்னு மட்டும் ஆக்கிடாதீங்கன்னுதான் நான் சொல்ல வர்றேன்.

நாலுட்ராக்

இதுல அந்த இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ நடத்தின பேண்ட், திராபிங் கிரிஸில, விட்டுட்டீங்களே. முதல் ஆல்பத்த 1977ல 785 காப்பிதான் அடிச்சாங்க, அதெல்லாம் சரி, எனக்கு முக்கியமா படறது அவங்க மேடை நிகழ்ச்சிகள பதிஞ்சு கேசட்டா விட்டது, 24 கேசட் ஒரு பெட்டிக்குள்ள. கூட்டம் திட்றது, மைக் கீச்சிடறது எல்லாம் அதுல இருக்கு. அவங்கள்ல ஒருத்தரான கிறிஸ் கார்ட்டர் ஒரு எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகைல வந்த சர்க்யூட்ட வெச்சு எஃபெக்ட் பெட்டிய தானே சோல்டர் பண்ணாரு, அதுதான் கிரிஸிலைசர். கருவி எங்க முடியுது, கோளாறு எங்க ஆரம்பிக்குதுன்னு அந்த சத்தத்துல கோடு போட முடியாது.

பழுப்புநாடா

நாலு நாள் ஆச்சு, வந்துட்டேன். ஹெட்கிளீனர் அண்ணன் சொன்ன மாதிரியே பண்ணேன், நடந்தத அப்படியே எழுதறேன்.

கேசட்ட எடுத்து பாத்ததும் முதல் அதிர்ச்சி, பிரஷர் பேட் விழுந்து கிடந்துச்சு. அந்த சின்ன பஞ்சுத்துண்டு, செம்புத் தகடு மேல ஒட்டியிருக்குமே, அதுதான். பசை காஞ்சு உதிர்ந்து கேசட் மூலைல கிடந்துச்சு. என் நண்பன் ஏத்தினப்பவே அது இல்லாமத்தான் ஓடியிருக்கணும், டேப்பு ஹெட்ட சரியா தொடாமலே. அஞ்சு ஸ்குரூ கழட்டி, கேசட் மூடிய திறந்து, வேற ஒரு காலி கேசட்லேருந்து தகடோட எடுத்து மாத்தினேன். கை நடுங்கிச்சு, ரீல் மட்டும் வெளிய உருண்டிருந்தா என் கத முடிஞ்சுது. தும்மல் வந்துடக்கூடாதேன்னு வேண்டிக்கிட்டே பண்ணேன்.

அப்புறம் ஹெட்போன், மோனோ, ஸ்குரூ டிரைவர். அண்ணே, நீங்க சொன்ன திரை நிஜமாவே திறந்துச்சு. பி பக்கம் மூணாவது பீஸ் ஓடிட்டிருந்துச்சு. திருப்பறேன், திருப்பறேன், மந்தமா போர்வைக்குள்ள கேக்கற மாதிரியே இருக்கு, திடீர்னு டக். டக். டக்டக். டக்.

அப்பதான் புரிஞ்சுது எது காணாம போச்சுன்னு.

அந்த பீஸ் எப்படி பண்ணோம்னா, ஷார்ட்வேவ்ல ஓடற குரல்கள ஒரு டெக்ல பதிஞ்சுக்கிட்டோம், அதுலேருந்து அரை செகண்ட் அரை செகண்டா பிச்சு ரெண்டாவது டெக்ல ஒட்டினோம். பிளேடு கிடையாது, பாஸ் பட்டன்தான். மூணாவது ஆளு பாஸ் பட்டன் மேல கட்டைவிரல வெச்சுக்கிட்டு விடுவான், அமுக்குவான், விடுவான், அமுக்குவான். ஒவ்வொரு ஒட்டுலயும் ஹெட்டுல ஒரு சின்ன டக் பதிஞ்சுது. டிரம் மெஷின் அந்த பீஸ்ல கிடையவே கிடையாது. அந்த டக்தான் தாளம். நாங்க சிந்த் வாசிச்சது அந்த டக்குக்குத்தான். சாஃப்ட்வேர் அத கீறல்னு நெனச்சு ஒண்ணு விடாம எடுத்துடுச்சு, தாளம் இல்லாம சிந்த் அந்தரத்துல தொங்குது. இத்தன வருஷத்துல எனக்கே மறந்து போயிருக்கு பாருங்க, தாளம் எங்கேருந்து வந்துச்சுன்னு.

இரைச்சல்காதலி

படிச்சிட்டு அப்படியே உக்காந்திருக்கேன். ஒரு ஆளோட கட்டைவிரல்!

சைன்வேவ்

ஒத்துக்கறேன், இதுக்கு மேல எனக்கு பேச்சில்ல. ஆனா கவனிச்சீங்களா, டக்க வெளிய கொண்டுவந்தது தெளிவுதான். அசிமத் சரியானதாலதான் கேட்டுச்சு. பாதுகாக்கணும்னா முதல்ல நல்லா கேக்கணும்.

பழுப்புநாடா

ஆமா, அதான் உண்மை, ஒரே நேரத்துல உஸ்ஸும் தெளிவா ஆச்சு, டக்கும் தெளிவா ஆச்சு. நாலுட்ராக் சொன்ன ஹம்மையும் பாத்தேன். ஸ்பெக்ட்ரம்ல 50ஐ ஒட்டி ஒரு கோடு இல்ல, மூணு கோடு! ஒவ்வொரு டெக்கும் ஒவ்வொரு வேகம், டெக்குக்கு டெக்கு மாத்தினப்ப எல்லாம் ஒரு ஹம் உக்காந்திருக்கு. மரத்துல வளையம் எண்ற மாதிரி எத்தன தடவ மாத்தினோம்னு எண்ணலாம் போலிருக்கு. கடைசியா பதிஞ்ச டெக்கோட கோட்ட 50க்கு கொண்டுவந்து வேகத்த சரி பண்ணேன்.

இன்னொண்ணு கேக்கணும். ஏ பக்கம் ஆரம்பத்துல, சிந்த் சத்தமா உள்ள வர்றதுக்கு ரெண்டு செகண்ட் முன்னாடி அதே சிந்த் ரொம்ப மெலிசா ஒரு தடவ கேக்குது. நாங்க அப்படி பண்ணதா ஞாபகம் இல்ல.

ஹெட்கிளீனர்

பிரிண்ட் த்ரூ. டேப்பு வருஷக்கணக்கா சுத்தி கிடக்கறப்ப ஒரு சுத்துல இருக்கிற காந்தம் பக்கத்து சுத்துக்கும் கொஞ்சம் ஒட்டிக்கும். ஒரு சுத்து ஓடி முடிய எவ்ளோ நேரமோ அவ்ளோ நேரம் முன்னாடி கேக்கும். சி-60ல பரவால்ல, சி-90, சி-120 எல்லாம் டேப்பு மெலிசு, அதுல இன்னும் அதிகமா ஒட்டும். ஏத்தறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு தடவ முழுசா முன்னயும் பின்னயும் ஓடவிட்டா கொஞ்சம் குறையும். முழுசா போகாது.

பழுப்புநாடா

சரி, அத எடுத்துட்டேன்னு வெச்சுக்கலாம், ஓடவிட்டு குறைஞ்ச வரைக்கும். நாங்க வாசிக்காதது அது, எங்களுக்கு அப்புறம் அலமாரில டேப்பு தனியா இருந்தப்ப வந்தது. டக்கையும் மணலையும் தொட மாட்டேன். இந்த கோடு எனக்கு இப்ப தெளிவா இருக்கு: நாங்க கேட்டு, அதுக்கு ஏத்தபடி வாசிச்ச எதுவும் அப்படியே நிக்கணும்.

புது பதிவ நண்பனுக்கு அனுப்பினேன். மூணாவது பீஸ் மட்டும் போட்டு கேட்டுட்டு போன் பண்ணான், "நான் எடுத்தது அவனோட விரலடா"ன்னான். அவ்ளோதான், அதுக்கு மேல ரெண்டு பேரும் பேசல. விரலுக்கு சொந்தக்காரன் நேத்து முழுசா கேட்டிருக்கான். இது வரைக்கும் ஒதுங்கியே இருந்தவன், நாலாவது நிமிஷத்துல ஒரு டக்கு லேட்டா வருது, அத மட்டும் சரி பண்ண முடியுமான்னு கேக்கறான். முடியாதுன்னு சொல்லிட்டேன்.

டிஜிட்டல் ஒரு பக்கம் வரும். கூடவே 20 கேசட்டும் போடறோம், பழைய மாதிரியே முழுசா ஓடவிட்டு. அட்டை மறுபடி ஜெராக்ஸ்தான், பழைய மூலப் பிரதி கிடைச்சிருக்கு, மடிப்பு கோட்டோட.

ஹெட்கிளீனர்

ரொம்ப சந்தோஷம் தம்பி. டப்பிங்குக்கு மாஸ்டர திரும்பத் திரும்ப ஓடவிடாதீங்க, இப்ப ஏத்தினதிலேருந்தே எடுங்க, மாஸ்டருக்கு ஓய்வு குடுங்க. அஞ்சு காப்பிக்கு ஒரு தடவ ஹெட்ட துடைங்க. அப்புறம் முக்கியமானது, மாஸ்டர் கேசட்டோட முதுகுல ரெண்டு பிளாஸ்டிக் பல்லு இருக்கும்ல, ரெண்டையும் உடைச்சாச்சா? யாராவது தெரியாம ரெக்கார்ட் அமுக்கினா போச்சு.

பழுப்புநாடா

ஏ பக்கத்து பல்லு அன்னிக்கே உடைச்சிருந்தோம். பி பக்கம் இத்தன வருஷமா அப்படியேதான் இருந்திருக்கு அண்ணே, பாத்ததும் வயித்த கலக்கிடுச்சு. இப்பதான் உடைச்சேன்.